பரிசீலனையில் ஒரு கப்பல்

எங்க கொற்றந்துறையில மாசி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, மீன் ஏலம் முடிஞ்சு பொம்பளைக கூடையைக் கழுவிக் கவுத்துற நேரத்துல, நாலு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்ன ஒரு கப்பலோட நிழல் ஊருக்குள்ள வந்து விழுந்துச்சு. விழுந்தது விழுந்ததுதான், பொழுது உச்சிக்கு வந்தப்பவும் நகரல, சாஞ்சப்பவும் நகரல, மாதா கோயில் தெருவையும் பழைய உப்புக் குடோன் சுவரையும் என் மெஸ்ஸோட முன்வாசலையும் மூடிக்கிட்டு அப்படியே கிடந்துச்சு. "சாயந்திரம் பொழுது மேக்க இருந்தா நிழல் கடலைப் பாத்துல்ல விழணும்"னு சயின்ஸ் வாத்தியார் சொன்னார். "அதை நிழல்கிட்டச் சொல்லும்வே"ன்னாக ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

கப்பல் வந்த கதை சின்னக் கதைதான். துணி மில் எந்திரத்துக்கு உதிரி பாகம்னு எழுதின நாப்பது பெட்டியை ஏத்திக்கிட்டு எங்க துறைமுகத்துக்கு வந்துச்சு; அது மில்லுக்கு இல்ல, ஒரு ஊரையே சாம்பலாக்குற ஆயுதத்துக்குப் போற சாமான்னு தூரத்து நாட்டுக்காரன் எவனோ எங்க அரசாங்கத்துக்குத் தாக்கல் சொல்லிட்டான். அந்த மாதிரி ஆயுதம் நாடு நாடாப் பரவாம இருக்க எழுபது நாடு சேந்து ஒரு கூட்டு வச்சிருக்கு. அதுல சேந்தா, சந்தேகப்பட்ட கப்பலை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பாக்கலாம். எங்க நாடு அதுல சேரல; சேர மாட்டேன்னும் சொல்லல. கூட்டம் போட்டா ஆள் அனுப்பும், அந்த ஆள் கடைசி வரிசையில பார்வையாளரா உக்காந்து டீயைக் குடிச்சிட்டு வருவார். எழுதிக் கேட்டா, "பரிசீலனையில் இருக்கிறது"ன்னு ஒத்தை வரியில பதில் போகும். இந்தக் கப்பலை உள்ள விட்டா ஒருத்தனுக்குக் கோபம், சோதனை போட்டா இன்னொருத்தனுக்குக் கோபம், திருப்பி அனுப்பினா ரெண்டு பேருக்கும் கோபம். பாம்பும் சாகணும் கம்பும் உடையக் கூடாதுல்ல? முடிவு வர்ற வரைக்கும் கப்பல் நின்ன இடத்துலயே நிக்கட்டும், யாரும் ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம்னு ஒரு காவல் படகைக் குறுக்க நிறுத்திட்டாக. அந்த உத்தரவு வந்த மறுநாள்தான் நிழல் விழுந்துச்சு.

நிழல்னா சும்மா கறுப்பா விரிச்ச துணி மாதிரி கிடந்துச்சுன்னு நினைச்சிராதீக. அது ஆடுச்சு. கடல்ல கப்பல் எப்படி ஆடுமோ அப்படியே தெருவுல ஆடுச்சு, அதுக்குள்ள கால் வச்ச மனுசனையும் சேத்து ஆட்டுச்சு. முதல் வாரம் ஊரே வாந்தி எடுத்துச்சு. அப்புறம் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு நடக்கப் பழகினோம், இட்லிச் சட்டியை அடுப்போட கட்டிவைக்கப் பழகினோம், பஸ்ஸை விட்டு இறங்குற வெளியூர்க்காரன் தள்ளாடுறதைப் பாத்து, "என்னவே, காலையிலயேவா"ன்னு கேலி பண்ணவும் பழகினோம். முடிவெட்டுற முத்துவேல் வெயில் கொறச்சல்னு நாற்காலியை நிழலுக்குள்ள தூக்கிப் போட்டு, அதுக்கப்புறம் யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல கிருதா வைக்க முடியாமத் திணறினார். பங்குனியில நடந்த கல்யாணத்துக்குப் பந்தலே போடல, தாலி மட்டும் மூணு தடவை கைதவறிப் போச்சு. நகராட்சிக்காரன் "நிழலில் வாகனம் நிறுத்தாதீர்"னு ஒரு போர்டு வச்சான், நாலே நாள்ல பிடுங்கிட்டுப் போயிட்டான். ஏன்னு கேட்டா, நிழலை ஒத்துக்கிட்டா கப்பலை ஒத்துக்கிட்டதா ஆயிருமாம். ஊருக்குள்ள எவனுக்கும் ஒரு இடத்துல நிலையா நிக்க முடியல. உக்காந்தவன் எந்திரிச்சான், எந்திரிச்சவன் நடந்தான், நடந்தவன் எதுக்கு வந்தோம்னு தெரியாமத் திரும்பினான்.

இதெல்லாம் எங்களுக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். சலேத்துக்கு அப்படி இல்ல. சலேத்தம்மாள் உப்புக் குடோனை ஒட்டிக் கருவாடு காயப்போடுறவ. அவ புருசன் சந்தியாகு அந்தக் கப்பல்லதான் பண்டாரி, அதாவது சமையல்காரன். கப்பலோட மேல்தட்டுக் கைப்பிடிக் கம்பி இருக்குல்ல, அதோட நிழல் சரியா குடோன் சுவர்ல விழும். தினம் சாயந்திரம் நாலு மணிக்கு வேலை முடிஞ்சு ஆளுக வந்து கம்பியைப் பிடிச்சு நிப்பாக, அவுக நிழலும் சுவர்ல நிக்கும். மொத்தம் ஏழு நிழல். இடது தோளைச் சாச்சுக்கிட்டு நிக்கிறதுதான் சந்தியாகுன்னு சலேத்து முதல் நாளே கண்டுபிடிச்சிட்டா. பக்கத்துல எப்பவும் தொப்பி போட்ட ஒரு நெட்டை நிழல் நிக்கும். அவ சுவரை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்து, கருவாடு விலையிலேருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் நிழல்கிட்டச் சொல்லுவா. பதில் வராது. ஆனா ஆள் உசுரோட இருக்குன்னு தெரியும்ல, அது போதும்னு இருந்தா.

சித்திரை முடியிறப்ப அவ என்கிட்ட வந்து, "அக்கா, அவுக நிழல் மெலிஞ்சிட்டே வருது. நேத்து என் விரலை வச்சு அளந்து பாத்தேன், இடுப்பு மூணு விரக்கடை கொறஞ்சிருக்கு"ன்னு அழுதா. சமைக்கிறவனே மெலியிறான்னா கப்பல்ல அரிசி தீந்துபோச்சுன்னுதானே அர்த்தம்? அரிசி கொண்டுபோன படகைக் காவல் படகு திருப்பி விட்டுருச்சு. மனு எழுதிப் போட்டா, கிணத்துல போட்ட கல்லு.

அந்தச் சமயத்துலதான் தலைநகர்லேருந்து வெளிநாட்டு விவகார இலாகாவோட துணைச் செயலாளர் தில்லைநாயகம் வந்து என் மெஸ் மாடியில தங்கினார். பொன்னுக்கிளி மெஸ்ஸை விட்டா இந்த ஊர்ல தங்க வேற நாதியில்ல. ஒல்லியான மனுசன், சட்டைப்பையில மூடி கழட்டாத பேனா. காபியா டீயான்னு கேட்டேன். "ரெண்டுக்கும் ஆட்சேபணை இல்லைம்மா"ன்னார். அட கடவுளேன்னு ரெண்டையும் கொண்டுபோய் வச்சேன். ரெண்டையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார், ரெண்டும் ஆறிப்போச்சு. "எதுக்கு வந்திருக்கீக?"ன்னு கேட்டேன். "நான் வந்ததா வச்சுக்க வேண்டாம். சும்மா பார்க்கிறேன்"னார்.

அப்பவே அவருக்கு ஒரு புத்தி சொன்னேன். எங்க ஊர்ல கை தூக்கி ஓட்டுப் போடுற வழக்கம் இல்ல, கையெழுத்தும் இல்ல. கூட்டத்துல என் மெஸ்ஸோட பித்தளைத் தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு நீட்டுவாக. சம்மதம்னா எடுத்துப் போட்டுக்கணும், இல்லைன்னா தாம்பாளத்தைத் தள்ளி வைக்கணும். போட்டுக்கிட்டா பேச்சு கிடையாது. வாய் சிவந்தா வாக்கு. "நீங்க எது வேணும்னாலும் வாங்கிக்கோங்க சார், இந்த ஊர்ல யார் கையாலயும் வெத்தலை மட்டும் வாங்கிராதீக"ன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். மறுநாள் காலையில இட்லி வைக்கும்போது இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ஒருநாள் எனக்குப் பொறுக்காம, "மதில் மேல பூனை மாதிரி எத்தனை நாளைக்கு சார்? சேந்தா சேருங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன்"னு கத்திட்டேன். அவர் கோபப்படல. "அம்மா, இன்னைக்கு நாம அவன் கப்பலைத் திறந்தா, நாளைக்கு நம்ம கப்பலை நடுக்கடல்ல நிறுத்துவான். நம்ம நாட்டுக்கு எண்ணெய் கொடுக்கிறவன் ஒரு பக்கம், கோதுமை கொடுக்கிறவன் ஒரு பக்கம். திறக்காம விட்டு, அந்தப் பெட்டி ஒரு ஊரை அழிச்சா அந்தப் பாவம் யாரைச் சேரும்? எல்லாத்தையும் யோசிக்கணும்ல? அவசரப்பட்டு சொன்ன வார்த்தைதான் உலகத்துல நிறையப் பேரைக் கொன்னிருக்கு"ன்னார். கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. "யோசிச்சு யோசிச்சே ஏழு பேரைப் பட்டினி போட்டுருங்க"ன்னு சொல்லிட்டுச் சட்டினியை அவர் இலையில கொட்டிட்டு வந்தேன்.

ஆனி மாசம் ரெண்டு நாள் சந்தியாகு நிழல் சுவருக்கு வரல. மூணாவது நாள் அந்தத் தொப்பிக்கார நிழல் அதைத் தூக்கிட்டு வந்து கம்பியோரமா சாச்சு வச்சுச்சு. தலை தொங்கிக் கிடந்துச்சு. சலேத்து எந்திரிச்சு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நேரா ஊர்க் கூட்டத்துக்கு நடந்தா. நான் பின்னாலயே ஓடினேன்.

கூட்டத்துல வழக்கம்போலப் பேசிக்கிட்டிருந்தாக. தில்லைநாயகம் ஒரு மூலையில நின்னார். உக்காந்தா கூட்டத்துல கலந்துக்கிட்டதா ஆயிரும்னு நாற்காலி வேண்டாம்னுட்டார். சலேத்து கஸ்பார் கையிலேருந்து தாம்பாளத்தை வெடுக்குன்னு பிடுங்கி அவர் முன்னால நீட்டினா.

"சார், நீங்க அந்தக் கூட்டுல சேரவும் வேண்டாம், சேராம இருக்கவும் வேண்டாம். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். பெட்டி உங்களுக்கு. ஆள் எங்களுக்கு. என் ஆளை நான் இறக்கிக்கிடட்டுமா?"

தில்லைநாயகம் தாம்பாளத்தைப் பாத்தார், அப்புறம் ஜன்னல் வழியாத் தெரிஞ்ச குடோன் சுவரைப் பாத்தார், அப்புறம் ஒரு நொடி என்னையும் பாத்தார். ரெண்டு வெத்தலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவத் தெரியாம அப்பிக்கிட்டார், பாக்கைப் போட்டு மென்னார். அவருக்கு விக்கல் வந்துருச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. வாய் ரத்தமா சிவந்துருச்சு. "சரிடே, படகைத் தள்ளுங்க!"ன்னு கஸ்பார் போட்ட சத்தத்துல கோயில் புறாவெல்லாம் பறந்துச்சு.

முப்பது படகு போச்சு. காவல் படகுக்காரன் ஒயர்லெஸ்ல கரையைக் கூப்பிட்டு, "சார், உத்தரவு உண்டா இல்லையா?"ன்னு கேட்டான். தில்லைநாயகம் வாய் நிறையச் சாறு, பேச முடியல. பக்கத்துல நின்ன போலீஸ்காரர், "சார் தலையை ஆட்டுறாக"ன்னு சொன்னார். நிழலுக்குள்ள நின்னா யார் தலைதான் ஆடாது? காவல் படகு விலகிக்கிச்சு. எங்க ஆளுக பெட்டி பக்கமே திரும்பல, ஏழு பேரையும் இறக்கிக் கொண்டுவந்தாக. சந்தியாகு கூடையில வைக்கிற கனம்தான் இருந்தான். ஆனா உசுரு இருந்துச்சு. சலேத்து அவன் மூஞ்சியை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, "கஞ்சி வச்சிருக்கேன், வாங்க"ன்னா. நான் ஓரமாப் போயி அழுதேன்.

ஆறு பேர் எங்க ஊரும் பக்கத்துக் கரை ஊரும்தான், ஆளாளுக்குச் சொந்தம் வந்து கூட்டிப் போச்சு. தொப்பிக்காரன் மட்டும் பாக்கி. எஞ்சின் பாக்குறவன், எந்தக் குளிர் நாடோ, பேர் யோவான் மாதிரி என்னமோ சொன்னான், யோவான்னே கூப்பிட்டோம். அவன் நாட்டுக்கு எழுதிக் கேட்டதுக்கு, இவன் எங்க ஆளா இல்லையான்னு பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துச்சாம். நல்லா இருக்குல்ல? நாலு பாத்திரம் கழுவிக்கிட்டு என் மெஸ்ஸிலயே இருந்தான். சாம்பார், போதும், பரவால்ல: மூணே வார்த்தை கத்துக்கிட்டான், மூணையும் சரியான இடத்துல சொன்னான்.

அவுக கரையிறங்கின மறுநாள் வெயில்லதான் கவனிச்சோம், ஒருத்தருக்கும் நிழல் இல்ல. ஏழு நிழலும் அங்கேயே, சுவர்ல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அரசாங்கத்துக்கு அது பெரிய உபகாரமாப் போச்சு. விசாரிக்க வந்த அதிகாரிக சுவர்ல எண்ணிப் பாத்து, "ஏழு பேரும் கப்பலில்தான் இருக்கிறார்கள். எவரும் இறங்கவில்லை. ஆகவே அனுமதி எதுவும் தரப்படவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிட்டாக. வெத்தலையைப் பத்தி தில்லைநாயகம், "உள்ளூர் வழக்கம் தெரியாமல் நேர்ந்த பிழை"ன்னு எழுதிக் குடுத்தார். நான் ரெண்டு தடவை சொன்னதை யாரும் என்கிட்டக் கேக்கல, நானும் சொல்லல. அவர் வாய்ச் சிவப்பு மட்டும் போகவே இல்ல. உப்பு, எலுமிச்சை, அடுப்புக்கரி எல்லாம் தேச்சுப் பாத்துட்டோம். அந்த வாயோடதான் ஊருக்குப் போனார். இப்போ உலகக் கூட்டத்துக்கெல்லாம் அவரைத்தான் அனுப்புறாகளாம். உதட்டைத் திறக்காம உக்காந்திருக்காராம், என்ன ஒரு ராஜதந்திரின்னு எல்லாரும் மெச்சுறாகளாம்.

"நிழலுக்கா நான் சோறு போடப் போறேன், ஆள் இருக்காகல்ல"ன்னு சலேத்து முதல்ல சிரிச்சா. ஆனா நிழல் இல்லாத மனுசனுக்கு ஒரு இடத்துல தரிக்க முடியல. சந்தியாகு சோத்துல கை வச்சுட்டு எந்திரிப்பான், பாயில முதுகு சாயாது, வீட்டுக்குள்ளயே கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கிட்டிருப்பான். நாலு மணி ஆனா போதும், ஏழு பேரும் விறுவிறுன்னு குடோனுக்கு வந்து சுவர்ல முதுகைக் குடுத்து, ஆளாளுக்கு அவனவன் நிழல் மேல சாஞ்சு, ஒரு அரைமணி நேரம் கண்ணை மூடுவாக. அந்த அரைமணிதான் அவுகளுக்கு நிம்மதி.

ஆவணியில தலைநகர்லேருந்து முடிவு வந்துச்சு. முடிவுன்னா என்ன முடிவு, எங்க நாடு கொள்கை அளவுல கூட்டை வரவேற்குதாம், சேர்றது உரிய நேரத்துல பரிசீலிக்கப்படுமாம். கப்பல் நிக்கிறதுல ஆட்சேபணை இல்லையாம், போறதுலயும் ஆட்சேபணை இல்லையாம். கப்பல்காரன் வேற ஆள் ஏத்தி நங்கூரத்தைத் தூக்கிட்டான். சாயந்திரம் நாலு மணிக்குக் குடோன் சுவர்ல நிழல் மெதுவா நகர ஆரம்பிச்சுச்சு. "அய்யோ, அவுகளை இழுக்குது!"ன்னு சலேத்து அலறினா. சந்தியாகு கால் தரையில ஊணல, மூஞ்சி வெளிறிப்போச்சு. நிழல் போனா ஆளுக்கு இனி ஒரு நாளும் நிம்மதி இல்லைன்னு எல்லாருக்கும் விளங்கிருச்சு.

அவ என் மெஸ்ஸுக்கு ஓடி, வெத்தலை வச்ச தாம்பாளத்தை எடுத்துட்டு வந்து சுவர் முன்னால நின்னா. சாயங்கால வெயில் முதுகுப் பக்கம். தாம்பாளத்தோட நிழல் சுவர்ல விழுந்துச்சு, அதுல வெத்தலையோட நிழல். அதைக் கம்பிக்கு மேல, சந்தியாகு நிழலுக்கு நேரா நீட்டினா. "அரசாங்கம் சொல்றதைச் சொல்லட்டும். நீங்க சொல்லுங்க. இருக்கீகளா, போறீகளா?"

நிழல் குனிஞ்சுச்சு. கையை நீட்டி வெத்தலையோட நிழலை எடுத்து வாயில போட்டுச்சு. அப்புறம் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டு, சுவர் வழியா இறங்கித் தரைக்கு வந்து, சந்தியாகு பாதத்துல ஒட்டிக்கிச்சு. அவன் அங்கேயே மண்ணுல உக்காந்துட்டான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு மனுசன் உக்காந்த மாதிரி உக்காந்தான்.

அவ்வளவுதான், கூட வந்திருந்த சொந்தக்காரக ஆளாளுக்குப் பாய்ஞ்சாக. தாம்பாளம் கை மாறிக் கை மாறிப் போச்சு. ஒருத்தனுக்கு ஆத்தா நீட்டினா, ஒருத்தனுக்குப் பொண்டாட்டி, ஒருத்தனுக்கு மச்சினன். ஒவ்வொரு நிழலா இறங்கி வந்துச்சு. ஆறு பேர் முடிஞ்சு தாம்பாளம் என் கைக்கு வந்துச்சு. சுவர்ல தொப்பி போட்ட ஒத்தை நிழல், சுவர் முடியிற இடத்துக்கு இன்னும் நாலு முழம். யோவான் என் பக்கத்துல நின்னு, ஒரு தடவை என்னையும் ஒரு தடவை தாம்பாளத்தையும் பாத்தான்.

நான் யோசிச்சேன். நான் யார் இவனுக்கு, தாயா தாரமா? புருசன் செத்துப் பதினோரு வருசம் ஆச்சு எனக்கு. ஊர் முன்னால ஒரு ஆம்பளைக்கு வெத்தலை நீட்டினா நாளைக்கு மெஸ்ஸுல என்ன பேசுவாக? அவன் நாட்டுல அவனுக்குன்னு ஒருத்தி காத்துக்கிட்டிருந்தா, நான் அவனை இந்தக் கரையில கட்டிப்போட்ட பாவம்ல வரும்? நீட்டி, அது எடுக்காமப் போச்சுன்னா அந்த அசிங்கத்தை எங்க கொண்டு வைப்பேன்? எல்லாம் நியாயமான யோசனைதான். ஒண்ணுகூடத் தப்பில்ல. சரி, நீட்டிருவோம்னு கையைத் தூக்கினப்ப சுவர் வெறுமையா இருந்துச்சு. நிழல் மணல்ல இறங்கி, கட்டுமரத்து மேல ஏறி, தண்ணிக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு.

யோவான் என் கையிலேருந்து தாம்பாளத்தை வாங்கி மெதுவாக் கீழ வச்சான். "பரவால்ல"ன்னான்.

இன்னும் இங்கதான் இருக்கான். விடிஞ்சதுலேருந்து அடையிற வரைக்கும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறான், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுறான். இப்போ தெரு ஆடல, யாரும் எலுமிச்சம்பழம் வாங்குறதில்ல, அவன் ஒருத்தன்தான் ஆடுறான். மதில் மேல பூனைன்னு நான் யாரையும் இப்போ திட்டுறதில்ல. தினம் நாலு மணிக்குத் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு அவனைக் கூட்டிட்டுக் குடோனுக்குப் போறேன், ஊர் பாத்தாப் பாக்கட்டும்; வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னு நீட்டுறேன், கை வலிக்கிற வரைக்கும் நீட்டுறேன். வெத்தலையோட நிழல் சுவர்ல நல்லாத் தெளிவா விழுது. எடுக்கத்தான் ஆளில்ல.